தூண்டில் பயணம் சொதப்பினால்: அரை நாள் கடல் மீன்பிடிப்பில் கோளாறு எங்கே என்று பார்க்கும் வழி

லீவு விட்டால் போதும், புதுச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்களில் ஒருவராவது இரண்டாம் நாள் ராத்திரி, "கடலுக்குப் போய்த் தூண்டில் போடலாமா?" என்று ஆரம்பிப்பார். பக்கத்துக் குப்பத்தில் பழக்கமான அண்ணன் ஒருவரிடம் ஃபைபர் படகு இருக்கிறது. விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி, 8 முதல் 12 பாகம் ஆழத்தில் நங்கூரம் போட்டு, 10 மணிக்குள் கரையேறிவிடுவோம். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி.

இத்தனை வருஷத்தில் சொதப்பியவை எல்லாம் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு விஷயங்கள்தான். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு பிடிப்பதைக் கடைசியில்.

## கரையிலேயே தடங்கல்: "இன்னைக்கு வேணாம் தம்பி" என்கிறார் படகுக்காரர்

இதற்கு மேல்முறையீடு கிடையாது. வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

காரணம் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது காற்று. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கும், அல்லது துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை லீவு போடுகிறவர்கள் இதற்குத் தயாராகவே வர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கம் கடல் கொஞ்சம் சாதுவாக இருக்கும்.

இரண்டாவது, காற்றே இல்லாமல் கரையில் அலை எகிறுவது. "மரம் ஒண்ணும் ஆடலையே, ஏன் போகக்கூடாது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது இந்த நாளில்தான். எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த அலை இங்கே காற்றில்லாத நாளிலும் வந்து மோதும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை அறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. முந்தின நாள் ராத்திரியே பார்த்துவிட்டால் விடிகாலைத் தூக்கமாவது மிஞ்சும்.

மூன்றாவது, தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. பள்ளிக்கூட லீவும் சரியாக அதே நேரத்தில்தான் வருகிறது! நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் நீங்கள் பேசி வைத்திருக்கும் படகு எந்த வகை என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று ஒத்துவந்த நாளிலும், "9 மணிக்கு மேல் சாவகாசமாகப் போகலாமே" என்பது வேண்டாம். முற்பகல் தாண்டினால் கடல்காற்று எழும்பும். படகு ஆட ஆரம்பிக்கும், அடுத்த தலைப்பு தானாக வந்து சேரும்.

## குமட்டுகிறது, தலை சுற்றுகிறது

பயணம் பாழாவதற்கு முதல் காரணம் இதுதான். மீன் கிடைக்காமல் திரும்பியவர்களைவிட வாந்தி எடுத்துத் திரும்பியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் முதல் தடவை வந்தபோது நங்கூரம் போட்ட பத்தாவது நிமிஷம் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். படகுக்கார அண்ணன் நிதானமாக, "விடு தம்பி, மீனுக்கு இரை போட்டாச்சு" என்றார்.

இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது: கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுகிறது, முகம் வெளுக்கிறது. பேச்சு குறைவதுதான் எனக்கு முதல் அடையாளம். கலகலவென்று வந்தவர் திடீரென அமைதியானால் நான் உடனே அவர் பக்கம் போய்விடுவேன். இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் கண். போனையும் தூண்டில் முடிச்சையும் கீழே வைத்துவிட்டு, கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையோ கடலும் வானமும் சேரும் கோட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து இரை கோப்பதுதான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

அடுத்து இடம். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். படகின் நடுவுக்கு வரச் சொல்லுங்கள். எஞ்சின் புகை வருகிற பக்கமும் இரைப் பெட்டி நாற்றம் வருகிற பக்கமும் வேண்டாம்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் படகை நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். நங்கூரத்தில் நின்று ஆடுகிற படகைவிட ஓடுகிற படகில் குமட்டல் குறையும். பத்து நிமிஷம் மெதுவாக ஒரு சுற்று வந்தால் சிலருக்கு முழுதாகவே தெளிந்துவிடுகிறது.

வாந்தி வந்தேவிட்டது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் எடுத்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். குனிகிறவரின் லைஃப் ஜாக்கெட்டை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கண் இருண்டு தலை முன்னால் சாயும் நேரம் அது. அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு, தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ ஒவ்வொரு மிடறாகக் கொடுங்கள்.

அடுத்த தடவை வராமல் இருக்க. வெறும் வயிறும் தப்பு, பூரியும் தப்பு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். முந்தின நாள் ராத்திரிக் குடி இருந்தால் மறுநாள் கடலில் கணக்குத் தீர்க்கப்படும். அவோமின் போன்ற மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். அது தூக்கம் வரவைக்கும், ஆகவே திரும்பும்போது காரை வேறொருவர் ஓட்டட்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கு அளவு டாக்டர் சொல்ல வேண்டும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது.

திரும்ப வேண்டிய நேரம். குடித்த தண்ணீர் கூட நிற்கவில்லை, ஆள் துவண்டு கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்கிறார், அல்லது ஒரு குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறது என்றால் தூண்டிலைச் சுருட்டுங்கள். கொடுத்த காசைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பெண்கள் கூட்டமாக வரும்போது இன்னொன்றும் நடக்கும். ஃபைபர் படகில் கழிப்பறை கிடையாது. அதை நினைத்து முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெயில் ஏறியதும் தலைவலி, மயக்கம். இதைக் குமட்டல் என்று நினைத்துப் பலமுறை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: ஐந்து மணி நேரம் தாங்குமென்றால் ஃபைபர் படகு, இல்லையென்றால் கழிப்பறை உள்ள பெரிய படகை வாடகைக்குத் தேடுவோம்.

## தூண்டில் போட்டு அரை மணி ஆச்சு, ஒரு கொத்துகூட இல்லை

முதலில் ஒரு சோதனை. உங்கள் தூண்டிலை அப்படியே படகுக்காரர் கையில் கொடுங்கள். பத்து நிமிஷத்தில் அவருக்கு மீன் விழுந்தால் கோளாறு உங்கள் பக்கம். அவருக்கும் இல்லையென்றால் கோளாறு இடத்தில். இந்த ஒரு சோதனை நிறைய வாக்குவாதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அவருக்கு விழுகிறது, உங்களுக்கு இல்லை

ஈயக் குண்டு தரையைத் தொடவில்லை என்பதே முதல் சந்தேகம். கிழங்கானும் சங்கராவும் தரையோடு மேய்கிற மீன்கள். இரை இரண்டு பாகம் மேலே தொங்கினால் அவற்றைப் பொறுத்தவரை அது இல்லாத மாதிரிதான். நரம்பை (தூண்டில் இழை, குப்பத்தில் தங்கூஸ் என்பார்கள்) விட்டுக்கொண்டே போங்கள், ஒரு இடத்தில் இழுப்பு சட்டென்று நின்று நரம்பு தளரும். அதுதான் தரை. ஒரு முழம் சுருட்டி நரம்பை விறைப்பாக்குங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் போட்டு மறுபடி "டொக்" என்று தட்டுகிறதா பாருங்கள்.

தட்டவே இல்லை, நரம்பு சாய்ந்து படகை விட்டு ஓடுகிறது என்றால் நீவாடு அதிகம், அதாவது நீரோட்டம் இழுக்கிறது. 50 கிராம் ஈயத்தைக் கழற்றி 80 போடுங்கள், அதற்கும் நிற்கவில்லையென்றால் 120. பலர் இந்தக் கட்டத்தில் ரீலைக் குறை சொல்வார்கள். ரீலுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

அடுத்து இரை. மேலே எடுத்துப் பாருங்கள். இறால் துண்டு வெளுத்து, நனைந்த காகிதம் மாதிரி ஆகியிருந்தால் மணம் போய்விட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாங்கும்போதே சமைத்துச் சாப்பிடுகிற தரத்தில் வாங்குங்கள். நமக்கு வேண்டாம் என்று தோன்றுகிற இறால் மீனுக்கும் வேண்டாம்.

மூன்றாவது, தூண்டில் முள். நகரத்திலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் முள்ளைப் பார்த்தால் சுறாவுக்கே பயம் வரும். வஞ்சிரம் பிடிக்கும் கனவில் வாங்கியது. கிழங்கானின் வாய் சுண்டுவிரல் நுனி அளவுதான். முள் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு: எண் கூடக்கூட முள் சிறிசாகும், 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று போனால் மறுபடி பெரிசாகும். கிழங்கானுக்கு 8 அல்லது 6, சங்கராவுக்கு 2 அல்லது 1. ஒரு பாக்கெட் முள் ஒரு டீயும் வடையும் அளவு செலவு. அரை நாள் பயணத்தில் இதைவிட லாபமான முதலீடு எனக்குத் தெரியாது.

அவருக்கும் விழவில்லை

நீவாடு சுத்தமாக நின்றிருக்கலாம். நரம்பு கம்பி மாதிரி நேராகத் தொங்கும், படகு எந்தப் பக்கமும் திரும்பாது. அப்போது மீனும் சோம்பிக் கிடக்கும். கொஞ்சம் பொறுத்தால் மாறும்.

முந்தின நாள் மழை பெய்து ஆற்றுமுகத்துக் கலங்கல் வந்திருக்கிறதா? தெளிந்த தண்ணீர் வரைக்கும் இன்னும் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் அடியில் வெறும் மணல். 20, 25 நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். "அண்ணே, பாரு பக்கம் போவோமா?" என்று கேளுங்கள். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு, மீன் கூடுமிடம். அவர் மனசுக்குள் அதன் வரைபடம் இருக்கும், கரையில் இரண்டு கட்டடங்களை நேர்கோட்டில் வைத்துப் படகை நிறுத்துவார். ஆனால் டீசல், பெட்ரோல் கணக்கு முன்கூட்டியே பேசியிருந்தால்தான் அங்கே மனமுவந்து வருவார். இடம் மாற்ற எவ்வளவு என்று கரையிலேயே பேசிவிடுங்கள்.

ஃபிஷ் ஃபைண்டர் (அடியில் மீன் இருக்கிறதா என்று காட்டும் கருவி) பொருத்திய படகு வேண்டுமா என்று கேட்கிறார்கள். வாடகை ஏறும். முதல் பயணத்துக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

## கொத்துகிறது, இரை போகிறது, மீன் மட்டும் வரவில்லை

இதுதான் ஆளைப் பைத்தியமாக்கும் கோளாறு. முள் சுத்தமாகத் துடைத்த மாதிரி மேலே வரும்.

இரைத் துண்டு பெரிதாக இருக்கிறதா பாருங்கள். முள்ளுக்கு வெளியே தொங்குகிற வாலைப் பொடிமீன் கடித்துக்கொண்டு போய்விடும். முள்ளின் வளைவை மூடும் அளவுக்கு மட்டும், நுனி லேசாகத் தெரியும்படி கோருங்கள்.

அப்படியும் போகிறதென்றால் இறாலை விட்டுக் கணவாய்க்கு மாறுங்கள். விரல்நீள மெல்லிய பட்டையாக நறுக்கி இரண்டு இடத்தில் குத்திக் கோத்தால் பொடிமீன் எவ்வளவு இழுத்தாலும் வராது. கிளாத்தி, பேத்தை மாதிரி இரையைக் கொறிக்கிற மீன் இருக்கும் இடத்தில் இது ஒன்றுதான் வழி.

கை சரியில்லாமலும் இருக்கலாம். தளர்ந்த நரம்பில் கொத்து தெரிவதற்குள் இரை போய்விடும். நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் "டக் டக்" வந்ததும் வெட்டி இழுக்காதீர்கள், அது ருசி பார்ப்பது. நரம்பு கனத்து ஒரு பக்கமாக நகரும்போது மணிக்கட்டால் ஒரு தூக்கு. தோளிலிருந்து இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும், பக்கத்தில் இருப்பவர் மூக்கும் பத்திரம் இல்லை.

முள்ளே காணோம், நரம்பு கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கிறதென்றால் பல்லுள்ள மீன். வாளையாக இருக்கலாம், சீலாவாக இருக்கலாம், பெரும்பாலும் பேத்தைதான். முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு சாண் கம்பி (லீடர் என்பார்கள்) போட்டால் தீரும். ஆனால் கம்பியைப் பார்த்துக் கிழங்கான் ஒதுங்கிவிடும், அதனால் எல்லாத் தூண்டிலிலும் போடாமல் ஒன்றில் மட்டும் போடுங்கள்.

## தூண்டில் அடியில் மாட்டிக்கொண்டது

பெரிய மீன் என்று கத்தாதீர்கள். மீன் தலையாட்டும், பாறை ஆட்டாது.

முதலில் நரம்பைத் தளர்த்தி ஒரு நிமிஷம் விடுங்கள். நீவாடே சில நேரம் கழற்றிவிடும். இல்லையென்றால் படகின் அந்தக் கோடிக்கு நடந்துபோய் வேறு கோணத்தில் மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் அறுப்பதுதான். ராடை வளைத்து அறுக்காதீர்கள், நுனி ஒடிந்தால் ஈயத்தைவிட ராடு விலை அதிகம். ராடு நுனி நரம்பை நேராகப் பார்க்கும்படி நீட்டி, ஸ்பூலை (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். கைத்தூண்டிலாக இருந்தால் நரம்பைக் கையில் சுற்றவே கூடாது. ஒரு கட்டையிலோ துண்டுத் துணியிலோ சுற்றி இழுங்கள். 0.40 மில்லிமீட்டர் நரம்பு விரலை எலும்பு வரை அறுக்கும்.

ஒரே காலையில் மூன்று தடவை மாட்டினால் ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுங்கள். மாட்டினால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் மிஞ்சும்.

## நரம்பு சிக்கு

இரண்டு பேர் நரம்பு பின்னிக்கொண்டது என்றால் ஒருவர் மட்டும் சுருட்ட வேண்டும், மற்றவர் தளர விட வேண்டும். இருவரும் சேர்ந்து இழுப்பதுதான் குடும்ப வழக்கம், அதனால்தான் அவிழ்வதில்லை. ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தூண்டில் போட்டால் சிக்கு நிச்சயம். முறை வைத்துப் போடுங்கள்.

ரீலிலேயே குருவிக்கூடு கட்டிவிட்டதென்றால் ஸ்பூலில் நரம்பு தளர்ந்து ஏறியிருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பை விட்ட பிறகு ஸ்பூலின் முன்னால் இருக்கும் வளைகம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல், கையாலேயே மடக்குங்கள். பாதிச் சிக்கு அதோடு போய்விடும்.

நரம்பு தானாகவே சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டால், முள்ளையும் ஈயத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, படகு ஓடும்போது வெறும் நரம்பை மட்டும் பின்னால் நீளமாக விடுங்கள், எஞ்சின் விசிறிக்கு எட்டாத பக்கமாக. சில நிமிஷத்தில் முறுக்கு அவிழும். படகுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரு சிக்கோடு மல்லாடாதீர்கள். குனிந்து அவிழ்த்தால் குமட்டல் வரும் என்று மேலே சொன்னேனே. வெட்டி எறிந்து புதிதாகக் கட்டுங்கள். எறிவது படகில் இருக்கும் பைக்குள், கடலில் இல்லை.

## கைப்பிடியைச் சுற்றுகிறேன், நரம்பு உள்ளே வரவில்லை

டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை வழுக்கவிடும் பிடி, தளர்ந்திருக்கிறது. இன்னும் வேகமாகச் சுற்றாதீர்கள், முறுக்குதான் ஏறும். ஸ்பூலின் மேல் இருக்கும் திருகை வலப்பக்கம் கொஞ்சம் இறுக்குங்கள்.

எதிர்க்கோளாறும் உண்டு: மீன் ஒரு ஓட்டம் ஓடியதும் நரம்பு "பட்"டென்று அறுகிறது. அப்போது டிராக் அதிக இறுக்கம். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வழுக்க வேண்டும். 10 கிலோ நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோ. கரையிலேயே சமையலறைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துவிடலாம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சும்மா விடுங்கள், அது நின்றதும் சுற்றுங்கள்.

டிராக் சரியாக இருந்தும் நடுவில் அறுகிறதென்றால் நரம்பு பழசு. போன லீவில் போட்டது வெயிலில் காய்ந்து போயிருக்கும். நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரியும். வாடகைக்கு எடுத்த ராடாக இருந்தால் ஏறும்போதே வருடிப் பாருங்கள்.

படகருகே வந்த பிறகு மீன் நழுவினால் வேறு விஷயம். ஆர்வத்தில் ராடை வானத்துக்குத் தூக்கி மீனை அந்தரத்தில் ஆட்டுகிறீர்கள். கைப்பிடி வலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனின் தலையை அதற்குள் நடத்துங்கள். கிழங்கானுக்கு வலை தேவையில்லை, ஒரே வீச்சில் உள்ளே போடலாம்.

## முள் கையில் ஏறிவிட்டது

நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னப் பல் தோலுக்கு வெளியே இருந்தால், வந்த வழியே எடுத்துவிடலாம். உள்ளே போயிருந்தால் இழுக்காதீர்கள். நரம்பை வெட்டுங்கள், முள் அசையாதபடி துணியால் சுற்றுங்கள், கரைக்குத் திரும்புங்கள். குப்பத்து ஆட்கள் ஒரு சுண்டலில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்கள் கை. அரை நாள் பயணத்தில் கரை பக்கத்தில்தானே இருக்கிறது, அவசரம் எதற்கு?

கண், முகம், மூட்டு என்றால் தொடவே தொடாதீர்கள், அழுத்திக் கட்டவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. எங்கே குத்தினாலும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு போகும்போது கிளம்புவதற்கு முன்பே குறட்டால் அந்தப் பல்லை நசுக்கிவிடுகிறேன். ஒன்றிரண்டு மீன் நழுவும், போகட்டும்.

## மீன் குத்திவிட்டது, வலி உயிர் போகிறது

கெளுத்தியின் முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். ஓராவின் முதுகெல்லாம் முள். திருக்கைக்கு வாலில். மூன்றிலும் விஷம் உண்டு.

டீ ஃபிளாஸ்க் இந்த நேரத்துக்காகத்தான். நான் ஒரு ஃபிளாஸ்க்கில் டீயும் இன்னொன்றில் வெறும் வெந்நீரும் எடுத்துப் போவேன். கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, குத்திய இடத்தை முக்கி வையுங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், வலி தணியும் வரை. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் கொப்பளித்துவிடும்.

முள் ஒடிந்து உள்ளே இருக்கிறது, வீக்கம் ஏறிக்கொண்டே போகிறது, மூச்சு வாங்குகிறது, அல்லது நெஞ்சு, வயிறு, கழுத்தில் குத்தியிருக்கிறது என்றால் வெந்நீரோடு நிறுத்தாமல் கரைக்கு விரட்டுங்கள், 108-ஐ அழைத்துக் கரையில் நிற்கச் சொல்லுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ திருக்கை முள் ஆழமாக நின்றால் பிடுங்கக் கூடாது.

## பேர் தெரியாத மீன் வந்திருக்கிறது

பேர் தெரியாமல் கையில் பிடிக்காதீர்கள், பேர் தெரியாமல் குழம்பிலும் போடாதீர்கள். வயிறு உப்பி பந்து மாதிரி ஆனால் அது பேத்தை. அதன் விஷம் வேக வைத்தாலும் போகாது. பிள்ளைகள் விளையாடக் கேட்பார்கள், விரல் நுனியைக் கடித்து எடுக்கும் பல் அதற்கு. கடல்குதிரை, கடல் அட்டை, ஆமை எது மாட்டினாலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, போட்டோ எடுக்கிற நேரத்துக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் தண்ணீரில் விடுங்கள். மற்ற எதற்கும் "அண்ணே, இது என்ன?" போதும்.

## எஞ்சின் நின்றுவிட்டது

உங்கள் வேலை உட்கார்ந்திருப்பது. எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தால் மாட்ட வேண்டும். படகுக்காரர் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை, குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டை, நிறுத்தும் கயிறு கழன்றதா, விசிறியில் பிளாஸ்டிக் பையோ வலைத்துண்டோ சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்களுக்கு நின்ற இரண்டு தடவையும் விசிறியில் பிளாஸ்டிக் பைதான்.

நங்கூரம் தரையைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) அடிக்கிற நாளில் நங்கூரம் இல்லாத படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும், கடல் அமைதியாக இருப்பதால் அது தெரியவும் தெரியாது. 15 நிமிஷத்தில் எஞ்சின் கிளம்பாவிட்டால் அவர் தன் ஆட்களுக்குப் போன் போட்டு இன்னொரு படகை வரவழைப்பார். அதற்கும் வழியில்லையென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு போலீஸ் 1093. இரண்டையும் கிளம்பும் முன்பே போனில் பதிந்து, போனை நீர் புகாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அலையைத் தாண்டும்போதே பாதிப் போன்கள் நனைந்துபோகும்.

## மீன் வீட்டுக்கு வருவதற்குள் நாறிவிட்டது

ஐஸ் போதவில்லை. மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ், அதற்குக் குறையக் கூடாது. "கடல் தண்ணி ஊத்தி வச்சா போதும்" என்பது வெயில் ஏறும் வரைதான். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள், உருகிய தண்ணீரை வடித்துக்கொண்டே இருங்கள்.

கானாங்கெளுத்தியும் சூரையும் கிடைத்தால் கூடுதல் கவனம். சூட்டில் கிடந்தால் அவற்றில் உண்டாகும் நஞ்சு குழம்பில் கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிஷத்தில் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். வந்தால் டாக்டர்தான். அப்படிக் கிடந்த மீனைப் பார்த்தால் மனசு வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

## மறுநாள் ரீல் கரகரக்கிறது

உப்பு. ஊருக்குப் போகிற அவசரத்தில் கார் டிக்கியில் அப்படியே போட்டிருப்பீர்கள். டிராக்கை இறுக்கி மூடி, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் நனையுங்கள். வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிட்டு, கைப்பிடி மூட்டில் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள்.

அப்புறமும் கரகரத்தால் பேரிங்குக்குள் மணல் போயிருக்கிறது. நீங்களாகப் பிரிக்காதீர்கள், நான் பிரித்த ஒரு ரீலின் ஸ்பிரிங் இன்னும் எங்கள் பரணில் எங்கேயோ கிடக்கிறது. விலை உயர்ந்த ரீல் என்றால் பழுதுபார்க்கிறவரிடம் கொடுங்கள். ஆயிரம் ரூபாய் ரீலென்றால் அவர் கேட்கும் கூலியைக் கேட்டுக்கொண்டு, புதுசே வாங்கிவிடலாம்.